கை வைத்துக் கேட்டவர்

பிள்ளைகள்,

போன கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது சின்னவன் கேட்டான்: "அப்பா, கைமாமா ஏன் இப்ப வாறேல்லை?"

"அவருக்கு இப்ப வேலை கூட," என்றேன்.

உங்கள் அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். மூத்தவள் தலையைத் தூக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவளும் கோயில் வளவில் என் பக்கத்தில் நின்றவள்.

அந்தப் பதில் சரியில்லை. சரியான பதிலை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஓ.எல். சோதனையுடன் நின்ற படிப்பு என்னுடையது. பெயின்ற் கடையில் நிறங்களின் இலக்கங்களை எழுதிப் பழகிய கை. பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். எழுத்துப் பிழைகளை மட்டும்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும், அப்படிக் கேட்கும் நிலையில் நான் இல்லை. உங்களுக்கு அவர் கைமாமா, எனக்கு அண்ணை. இரண்டும் போதும்.

கைமாமா என்ற பெயரை வைத்தது சின்னவன்தான். அவனுக்கு அப்போது நாலு வயது. அண்ணை வீட்டுக்குள் வந்ததும் எதையாவது தொடுவார். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நிற்பார். "தங்கச்சி, இது மழைக்கு முன்னம் நிண்டுபோகும்," என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்.

"ஏன் அண்ணை, வாயைத் திறக்கிறதெண்டா நல்லதாய் ஏதும் சொல்லக்கூடாதோ?" என்றார் அம்மா.

"நல்லது சொன்னா உது ஓடுமோ?"

மழைக்கு முன்னம் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு அவர் வந்தால் அம்மா வாசலிலேயே சொல்லுவார்: "அண்ணை, வாங்கோ, இருங்கோ. ஆனா என்ரை சாமான் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ."

குருநகர்க் கரையில் படகு இயந்திரங்கள் திருத்துவதுதான் அவருடைய தொழில். இடது காது முழுக்கக் கேட்காது. வலது காதும் பாதிதான். ஷெல் விழுந்ததால் என்று சிலர் சொல்லுவார்கள். அவரைக் கேட்டால் "இஞ்சின் திண்டிட்டுது" என்பார், வேறு ஒன்றும் சொல்லமாட்டார். இயந்திரத்தை இயக்கிவிட்டு, அதன் மூடியில் கையை வைத்து, எது தளர்ந்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார். கரையில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. அவர்களுக்கு இயந்திரம் வேலை செய்தால் போதும்.

அவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர் என்பது அங்கே பலருக்கு மறந்தே போயிருந்தது. அந்தத் தடித்த நாலு கம்பிக் கிட்டாரை அவர் வாசிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். கதிரையின் நுனியில் குந்தி, கிட்டாரின் மேல் விளிம்பில் நாடியை அழுத்திக்கொண்டு வாசிப்பார். எலும்பு வழியாக அவருக்குக் கேட்கும். நான் குருநகரில் பெடியனாக இருந்த காலத்தில் கலியாண வீடுகளிலும் திருநாள்களிலும் அவர் மேடையின் பின்வரிசையில் அப்படித்தான் இருப்பார். முன்னால் பாடுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நானும்தான்.

கலியாணம் முடித்து உங்கள் அம்மாவின் கொக்குவில் வீட்டுக்கு வந்த பிறகு, பல வருடம் கழித்து, நானாகவே போய் அவரைக் கூப்பிட்டேன். நான் எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றை வீட்டிலேயே பதிவு செய்யப் போகிறேன், வாசிப்பீர்களா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"பதியிறதெண்டா, பேந்து திருப்பிப் போட்டாக் கேக்குமோ?"

"ஓம் அண்ணை. எத்தனை தரமும் போடலாம்."

"என்ரை வாசிப்பு ஒருக்காலும் ஒண்டிலையும் விழேல்லைத் தம்பி. அந்த நாளையிலை கசற்றிலை அடிச்சவங்கள். போட்டுக் கேட்டா எல்லாரும் கிடக்கினம், நான் மட்டும் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

பதிவு நடந்தது நம்முடைய சாமான் அறையில். உங்கள் மெத்தை இரண்டையும் சுவரில் சாத்தி, அம்மாவின் பழைய சேலைகளை யன்னலில் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் வேர்த்து வேர்த்துப் பதிந்தோம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஒரு தொல்லை, காகம் ஒரு தொல்லை. எல்லாவற்றிலும் பெரிய தொல்லை கோச்சி. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வளவு தள்ளித் தண்டவாளம். நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கிற இடத்தில் ஊதிக்கொண்டு வந்துவிடும், பதிந்தது எல்லாம் வீண்.

முதல் ஞாயிறு நான் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணை என் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தார். திடீரென்று கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டும். வருகுது."

"என்னண்ணை வருகுது? ஒண்டும் கேக்கேல்லையே."

"கோச்சி."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டைப் பாட வந்திருந்த ரீச்சருக்கும் கேட்கவில்லை. கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், கூர்மையான காது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் தூரத்தில் ஊதியது. அண்ணையின் மற்றக் கை சுவரில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு பதிவு முடியும்வரைக்கும் எங்களுக்கு மணிக்கூடு தேவைப்படவில்லை. காது கேட்காத மனிதர்தான் எங்களுக்குக் கோச்சி வருவதைச் சொன்னார்.

இதை நன்றாக நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

அவருடைய வழக்கம் இன்னொன்றும் உண்டு. பதிந்ததைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் இடுப்புச் சாரத்தில் கையைத் துடைப்பார். கலியாண மோதிரத்தைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் போடுவார். "மோதிரம் கிடந்தா அதிரும். பொய் சொல்லும்," என்பார். பிறகு ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை விரித்து வைப்பார். பாட்டு முடியும்வரை அசையமாட்டார். முடிந்ததும் ஒரே சொல்: "இன்னும் கிடக்கு."

எத்தனை தரம் திருத்திப் போட்டாலும் அதே சொல்தான். "இன்னும் கிடக்குத் தம்பி." எங்கே கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார். ஒருமுறை இரண்டாவது சரணத்தில் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இஞ்சை ஆரோ அவசரப்படினம்."

"ஆரண்ணை?"

"உது உம்மடை கிட்டார்தானே? எங்கையோ போறதுக்கு நிண்டிருக்கிறீர்."

உண்மைதான். அந்த ஞாயிறு கடையில் சரக்கு இறக்க வரச் சொல்லியிருந்தார்கள், நான் நேரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசித்தேன். அதைத் திரும்ப வாசிக்க வேண்டியிருந்தது.

மூத்தவளே, உன் வயலினின் முதுகில் அவர் விரலை வைத்துக் கேட்டது உனக்கு நினைவிருக்கும். நீ இரண்டு கிழமை பழகி வாசித்துக் காட்டினாய். "இன்னும் கிடக்குப் பிள்ளை" என்றார். உன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"அழாதை. இன்னும் கிடக்கெண்டா கோபமில்லை. உள்ளுக்கை ஏதும் கிடக்கிற இடத்திலைதான் நான் அப்பிடிச் சொல்லுவன். ஒண்டும் இல்லாத இடத்திலை, நல்லாக் கிடக்கெண்டு சொல்லிப்போட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிடுவன்."

"அப்பிடி ஆருக்குச் சொன்னனீங்கள் மாமா?" என்று கேட்டாய்.

"கனபேருக்கு. அவை சந்தோசமாய்ப் போயிட்டினம்."

நீ அழுகைக்குள் சிரித்தாய். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது பாட்டின் கதைக்கு வருகிறேன். குருநகர்க் கோயில் திருநாளுக்காக எழுதிய பாட்டு அது. கடலுக்குப் போனவர்களைக் கரை சேர்க்கச் சொல்லி மாதாவிடம் கேட்கிற பாட்டு. "கடல் மேலே போனவரைக் கரை காட்டிக் கொண்டுவா தாயே" என்று தொடங்கும். பங்குச் சுவாமி வரிகளைப் படித்துவிட்டு, திருநாள் மாலை மாதாவின் சுற்றுப்பிரகார ஊர்வலம் தொடங்கமுன் கோயில் ஸ்பீக்கர் பெட்டிகளில் போடலாம் என்று சொன்னார். நான் பிறந்த இடத்தில், என்னைத் தெரிந்த சனத்துக்கு முன்னால் என் பாட்டு. தலைகால் புரியவில்லை எனக்கு.

அண்ணை தன் வாசிப்பை நடை என்றுதான் சொல்லுவார். அந்தப் பாட்டுக்கான நடையைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறு எடுத்தார். கரைக்குத் திரும்பி வருகிற போட்டின் இயந்திரம் போல, அவசரமில்லாமல், ஒரே சீராக வரும். கடைசிச் சரணத்தில் ரீச்சர் "தாயே" என்று நீட்டுகிற இடத்தில் மட்டும் வாசிப்பை நிறுத்திவிடுவார். எனக்கு அது பிழை போலப் பட்டது.

"ஏனண்ணை விட்டிட்டியள்?"

"விடேல்லை. நிக்கிறன். கரைக்குக் கிட்ட வந்தா இஞ்சினை நிப்பாட்டுறதுதானே? போட் தானாய் வழுக்கிக்கொண்டு வரும். அந்த நேரம்தான் கரையிலை நிக்கிற மனிசிக்கு முகம் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் போல மூக்கைத் தேய்த்தார்.

எல்லாம் பதிந்து முடிந்தபின் வருகிற வேலைக்குப் பெயர் மிக்சிங். ஒவ்வொருவர் வாசித்ததும் லப்டொப்பில் தனித்தனி வரியாகக் கிடக்கும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எதை முன்னுக்குக் கொண்டுவருவது என்று பார்க்கிற வேலை. நான் ஒரு மாதமாக அதோடு மினக்கெட்டேன். "சம்பல் அரைக்கிற மிக்சிக்கு ரெண்டு நிமிசம் காணும், உங்கடை மிக்சிக்கு வருசம் வேணும்போலைக் கிடக்கு," என்றார் அம்மா. ஒவ்வொரு திருத்தத்தையும் வட்ஸ்அப்பில் எங்கள் வாத்தியக்காரர் குழுவுக்கு அனுப்புவேன். நாலைந்து பேர் இருந்தோம். அண்ணையிடம் பொத்தான் போன்தான், அதனால் அவர் அந்தக் குழுவில் இல்லை. அவருக்குப் போட்டுக் காட்ட அவர் சைக்கிளில் வரவேண்டும், பெட்டியும் வேண்டும், கையும் வேண்டும்.

குழுவில் எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள். கனடாவில் இருந்து கீபோட் வாசித்து அனுப்பிய என் சிநேகிதன் கீபோட்டைக் கூட்டச் சொன்னான். ரீச்சர் குரலைக் கூட்டச் சொன்னார். என்னைக் கேட்டிருந்தால் நான் கிட்டாரைக் கூட்டச் சொல்லியிருப்பேன். பாட்டின் கோப்புக்கு முதலில் "கடைசி" என்று பெயர் வைத்தேன், பிறகு "உண்மைக் கடைசி", அதற்குப் பிறகு "இதுதான் கடைசி".

ஒருநாள் சிநேகிதன் குரல் பதிந்து அனுப்பினான்.

"மச்சான், கீழை ஏதோ இரையுதடா. போனிலை கேட்டாக் கரகரவெண்டுது. பேஸை எடுத்துப்போட்டுப் பார்."

"எடுக்கேலாது. அண்ணை வாசிச்சது," என்று பதில் போட்டேன்.

"டேய், இப்ப ஆர் ஐசே பெட்டியிலை பாட்டுக் கேக்கினம்? சனம் போனிலைதான் கேக்கும். போனிலை வராத சாமானை வைச்சுக்கொண்டு ஏன் உள்ள பாட்டையும் பழுதாக்கிறாய்?"

ரீச்சர் பக்குவமாக எழுதியிருந்தார்: "அந்த இரைச்சல் குரலை மூடுது போலைக் கிடக்கு. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

முதலில் பேஸைப் பாதியாகக் குறைத்தேன். இன்னும் கரகரக்குது என்றார்கள். கால்வாசிக்குக் குறைத்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், அண்ணையின் வரியை முழுதாக நிறுத்திவிட்டுப் போனில் போட்டுக் கேட்டேன். பாட்டு வெளிச்சமாக இருந்தது. குரல் தெளிவாக வந்தது. அதை அனுப்பினேன். ஐந்து நிமிடத்துக்குள் கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. "இதுதான் மச்சான்!" என்றான் சிநேகிதன். ரீச்சர் "கண்ணீர் வந்திட்டுது" என்று எழுதினார். அந்தப் படங்களை நான் எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அன்று ஓர் எண்ணம் என் மனதில் வந்தது. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன், எழுதுகிற இடத்தில் பேனா நிற்கிறது.

அவருக்குத்தான் கேட்காதே என்று நினைத்தேன்.

கோயில் வளவு, சனத்தின் சத்தம், கச்சான் கடலை விற்கிறவர்கள், பிள்ளைகள். அதற்குள் பாதிக் காது கேட்கிற ஒருவருக்குத் தன் வாசிப்பு இருக்கிறதோ இல்லையோ என்று எப்படித் தெரியப்போகிறது? அவருடைய காதை அளந்தேன். கையை மறந்துவிட்டேன். கோச்சி வந்ததைச் சுவரில் பார்த்துச் சொன்ன கை.

திருநாளுக்கு மூன்று நாள் முன்னால், பாட்டைப் பென்டிரைவில் போட்டுச் சுவாமியிடம் கொடுக்கப் போனேன். வழியில் அவருடைய பட்டறை. சைக்கிள் மணியடித்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். ஓடி வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"தம்பி, முடிஞ்சுதோ? ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நேரமில்லாமல் போட்டுது அண்ணை. இப்ப குடுக்கத்தான் போறன்."

"பறவாயில்லை. கோயில் பெட்டி பெரிய பெட்டி, அதிலையே பாப்பம். மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன். முப்பது வருசமாய் நான் வாசிக்கிற இடமெல்லாம் வந்தவதான். எது நான் எண்டு அவவுக்கு இண்டைக்கும் தெரியாது." சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "என்ரை நடை கிடக்குத்தானே?" என்று கேட்டார்.

பென்டிரைவ் என் சேட்டுப் பைக்குள் இருந்தது.

"ஓம் அண்ணை," என்றேன். "கிடக்கு. கீழை கிடக்கு."

அவர் கைப்பிடியை விட்டார்.

இன்னும் மூன்று நாள் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து, நிறுத்திய வரியை மீண்டும் திறந்து, வேறொரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. கோயிலில் போடுவது போனில் இல்லை, பெரிய பெட்டியில். அங்கே கரகரப்பும் வராது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் கைதட்டியது அந்தப் பிரதிக்கு. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. சுவாமியிடம் அப்படியே கொடுத்தேன்.

திருநாள் மாலை நீங்களும் வந்தீர்கள். சின்னவனுக்குப் பலூன் மட்டும்தான் நினைவிருக்கும். கோயில் படியின் இரண்டு பக்கமும் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அண்ணை அயன் போட்டு மினுக்கிய வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மனைவி நீலச் சேலையில், புதிதாக எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, பின்னால் கூச்சப்பட்டுக்கொண்டு வந்தார். அண்ணை நேராகப் பெட்டியடிக்குத்தான் போனார். நான் மூன்று அடி தள்ளி நின்றேன். விலகிப் போயிருக்கலாம், போகவில்லை.

சுவாமி பாட்டின் பெயரையும் என் பெயரையும் சொன்னார். அண்ணை சாரத்தில் கையைத் துடைத்தார். மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"காப்பைக் கழட்டும்."

"என்ன விசரோ உங்களுக்கு? சனம் பாக்குது."

"பாக்கட்டும். கழட்டும். காப்புக் கிடந்தாப் பொய் சொல்லும்."

மனைவி கழற்றிக் கைலேஞ்சித் துணியில் சுற்றி இடுப்பில் செருகினார். அண்ணை அவருடைய உள்ளங்கையைப் பிடித்துப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் தன் கையையும் வைத்தார்.

"ரெண்டாவது வரியிலை வருவன்," என்றார்.

கீபோட் தொடங்கியது. தாளம் தொடங்கியது. ரீச்சர் முதல் வரியைப் பாடினார். சனம் பேச்சை நிறுத்திக் கேட்டது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவதும் வந்தது.

அண்ணை பெட்டியில் கையைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். இன்னும் கொஞ்சம் கீழே. பிறகு குனிந்து அடிப்பெட்டியில் வைத்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை, நான் அவருடைய மற்றக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தொங்கியபடி தொடையில் வாசித்துக்கொண்டிருந்தது. கடைசிச் சரணத்தில், "தாயே" என்று ரீச்சர் நீட்டிய இடத்தில், அந்த விரல்கள் நின்றன. திரும்பத் தொடங்கின. நடையே இல்லாத பாட்டில், அவர் நின்ற இடத்தை அவருடைய தொடை மட்டும்தான் அறிந்தது.

மனைவி முகம் மலர்ந்து திரும்பினார். "டும் டும் எண்டு ஒண்டு தட்டுது. அதுவோ நீங்கள்?"

தட்டியது கனடாவில் இருந்து வந்த கீபோட்டின் தாளம்.

"ஓம்," என்றார் அண்ணை. "அதுதான்."

நான் பட்டறையடியில் அவருக்குச் சொன்ன அதே சொல். தன் மனைவிக்கு அவர் அதைச் சொன்னது என்னைக் காப்பாற்ற என்று நினைக்கிறேன். அந்த மனிசி பாட்டு முடியும்வரைக்கும் கையை எடுக்கவில்லை.

பாட்டு முடிந்தது. சனம் கைதட்டியது. தெரிந்தவர்கள் வந்து என் முதுகில் தட்டினார்கள். அண்ணை மோதிரத்தைப் பைக்குள் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னிடம் வந்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நல்லது.

"நல்லாக் கிடக்குத் தம்பி," என்றார்.

மனைவியைக் கூட்டிக்கொண்டு, மதிலோடு சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மூத்தவளே, அப்போதுதான் நீ என் சேட்டைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, மாமா நல்லாக் கிடக்கெண்டு சொல்லிப்போட்டார்," என்றாய். சனத்துக்குள் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "வா, ஐஸ்கிறீம் வாங்குவம்," என்றேன் நான்.

அடுத்த நாளே நிறுத்திய வரியைத் திறந்தேன். பாட்டை முதலில் இருந்து மிக்சிங் செய்தேன், யாருக்கும் அனுப்பவில்லை, யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. பெட்டியில் கையை வைத்துப் பார்த்துப் பார்த்து, எனக்குத் தெரிந்த அளவுக்குச் சரிப்படுத்தினேன். பேஸ் உள்ளே வந்ததும்தான் தெரிந்தது, அதுவரைக்கும் அந்தப் பாட்டு நிலத்தில் கால் படாமல் நின்றிருக்கிறது என்று.

மூன்று கிழமை கழித்து, பெட்டி ஒன்றையும் லப்டொப்பையும் கடை மோட்டர் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என்ன சொல்லுவது என்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணை, பாட்டைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறன். உங்கடை நடையைப் போட்டிருக்கிறன். முந்தி நான்..."

"கை முழுக்க எண்ணெய் தம்பி," என்றார்.

"ஒருக்கா வைச்சுப் பாருங்கோ அண்ணை."

"என்னத்துக்கு? நீர் கிடக்கெண்டு சொன்னாச் சரிதானே."

குத்திச் சொல்லவில்லை. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. உண்மையாகவே எனக்கு விடை தருகிற மாதிரிச் சொன்னார். மோதிரம் விரலிலேயே இருந்தது. அதைக் கழற்ற அவர் கை போகவில்லை.

"பிள்ளையளை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லும். மூத்தவளை வயலினை விடாமல் வாசிக்கச் சொல்லும். அவளுக்கு இன்னும் கிடக்கு."

"வீட்டுப் பக்கம் வாங்கோ அண்ணை. ஞாயிறு வாங்கோ."

அவர் பட்டறைக்குள் திரும்பிப் பார்த்தார்.

"எங்கை தம்பி வாறது? இப்ப வேலை கூட."

சின்னவனே, நீ கேட்டபோது உனக்கு நான் சொன்னது அவருடைய பதில். நானாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அதனால் அவர் தந்ததையே எடுத்துச் சொன்னேன்.

பெட்டியைத் திரும்பக் கட்டும்போது நானும் உள்ளே பார்த்தேன். பட்டறையில் ஒரேயொரு இயந்திரம் கிடந்தது. அதுவும் திருத்தி முடிந்து, மூடி பூட்டி, சொந்தக்காரன் வந்து எடுத்துப்போகும்வரை சுவரோடு சாத்திக் கிடந்தது.